ஐந்தாம் இடத்தில் தானியச் சாறு

தொண்ணூறுகளின் நடுவில், கடையில் விற்ற ஒரு காலை உணவுப் பெட்டியின் மேல் நான் பொய் எழுதினேன். படித்த பொய். எந்த அதிகாரி வந்து கேட்டாலும் நாலு வார்த்தை சொல்லித் தப்பித்துக்கொள்ளும்படி எழுதிய பொய். அதைப் படித்த ஒருவர், இது எனக்கு ஆகுமா என்று என் முகத்தைப் பார்த்தே கேட்டார். ஆகும் என்றேன். எழுதியதைவிட, சொன்ன அந்த ஒரு சொல்தான் இன்றும் என்னை நாற்காலியிலிருந்து எழுப்பி வாசலுக்கும் கொல்லைக்குமாக நடக்க வைக்கிறது.

அப்போது சிங்காநல்லூரில் ஒரு பஞ்சாலையின் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வேதியியலில் முதுகலை. என் தங்கையின் கணவர் சூலூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்துக்காரர். தறி ஓடிக்கொண்டிருந்த கொட்டகையைக் காலி செய்துவிட்டு, ராகியையும் கம்பையும் அவல்போலத் தட்டிப் பெட்டியில் போட்டு விற்க இறங்கினார். கார்ன்ஃபிளேக்ஸ் பெட்டிகள் எங்கள் பக்கத்துக் கடைகளில் கண்ணில் படத் தொடங்கியிருந்த காலம். நம்மூர்த் தானியத்தில் செய்தால் டாக்டர் வீட்டிலும் வாங்குவார்கள் என்று நம்பினார்.

ராகி ஒத்துழைக்கவில்லை. தட்டினால் உதிர்ந்தது. பாதிக்கு மேல் மக்காச்சோள மாவைக் கலந்து பார்த்தார். பாலில் விழுந்ததும் கூழாகிவிட்டது. கடைசியில் மிட்டாய்க்காரர்கள் வாங்கும் லிக்விட் குளுக்கோஸைப் பேரலில் வாங்கி, மாவிலும் கலந்து, மேலேயும் பூசிச் சுட்டபோது மொறுமொறுவென்று நின்றது. நிறமே இல்லாத கெட்டிப் பாகு அது. சர்க்கரை அளவுக்கு நாக்கில் இனிக்காது. ஆனால் ரத்தத்தில் சர்க்கரையைவிட வேகமாக ஏறும். இது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.

"சர்க்கரை கிர்க்கரைன்னு போட்டா ஒருத்தரும் வாங்க மாட்டாங்க மச்சான். படிச்சவங்க நீங்க, ஒரு வழி சொல்லுங்க."

"அது மக்காச்சோளத்துல இருந்து எடுக்கறதுதானுங்க மாப்பிள்ள. தானியச் சாறுன்னு போட்டுக்கலாம்."

அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். "அட, இதுக்குத்தானுங்க படிக்கோணும்கிறது!"

அந்தப் பாராட்டு எனக்கு இனித்தது. சேர்மானங்களை எடையில் அதிகமானதிலிருந்து வரிசையாக எழுத வேண்டும் என்பது விதி. அந்த வரிசையில் குளுக்கோஸ் இரண்டாவது. நானோ ராகி, கம்பு, சோளம், மக்காச்சோளம், தானியச் சாறு, உப்பு என்று எழுதினேன். கேழ்வரகுப் படத்துக்கு மேலே, 'சர்க்கரை சேர்க்காதது'. படத்துக்குக் கீழே, மாப்பிள்ளை ஆசைப்பட்ட வரி: 'சர்க்கரை நோயாளிகளுக்கும் ஏற்றது'. அந்த வரியில் பேனா கொஞ்ச நேரம் நின்றது. அடிக்கவில்லை.

பெட்டியை அச்சடித்தவர் டவுன்ஹால் பக்கத்துச் சந்து ஒன்றில் அச்சகம் வைத்திருந்த பாய். எங்கள் ஆலைக்குப் படிவங்கள் அடித்துத் தருபவர். ப்ரூஃபை எழுத்து எழுத்தாக வாய்விட்டுப் படிப்பார். பாய் கண்ணுக்குத் தப்பின எழுத்து இன்னும் பிறக்கவில்லை என்று ஆலையில் சொல்வோம். மாப்பிள்ளையும் நானும் போயிருந்தோம். சேர்மான வரிக்கு எந்த அளவு எழுத்து என்று கேட்டார். "இருக்கறதுலயே சின்னதாப் போடுங்க பாய், எடமில்ல" என்றேன். இடம் இருந்தது.

பாய் படித்துக்கொண்டே வந்தார். கடைசி வரியில் நிறுத்தினார்.

"ஏனுங்க சார், எனக்கு ஆறு வருசமா சர்க்கரை இருக்குதுங்களே. ரெண்டு இட்லிக்கு மேல தட்டுல வுழுந்தா ஊட்ல போலீஸ் டேசனாட்ட விசாரணைங்க. இது எனக்கு ஆகுங்களா?"

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். எங்கள் பக்கத்தில் தங்கை புருசனை மூன்றாம் மனிதர் முன்னால் மறுத்துப் பேசினால், அது தங்கையை அவமானப்படுத்தியதற்குச் சமம். இதை ஒரு சமாதானமாகவே நெடுநாள் வைத்திருந்தேன். உண்மை அதுவல்ல. தானியச் சாறு என்று நான் கண்டுபிடித்த பெயரை நானே உடைக்க எனக்கு மனம் வரவில்லை.

"ஆகும்ங்க பாய்."

"சார் சொன்னாச் சரிதானுங்க. ஆசிட்டையே அரைச் சொட்டு ஏறக்கொறைய ஊத்தாத ஆளு."

முதல் பெட்டியை மாப்பிள்ளை அவருக்குச் சும்மாவே கொடுத்தார்.

எட்டு மாதம் கழிந்திருக்கும். ஆலைக்கு வந்த படிவம் ஒன்றில் மூன்று பிழைகள் இருந்தன. பாய் அடித்ததில் பிழை என்று யாரும் நம்பவில்லை. காட்டிவிட்டு வரலாம் என்று நானே போனேன். அலமாரியில் எங்கள் பெட்டிகள் வரிசையாக நின்றன. காலிப் பெட்டிகளில் அச்சு பிளாக்குகளையும் மை துடைக்கும் துணிகளையும் போட்டு வைத்திருந்தார். நான் நீட்டிய படிவத்தைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, பிறகு மூக்குக்குக் கிட்டே கொண்டுவந்து பார்த்தார்.

"கண்ணாடிய மாத்தோணுமாட்ட இருக்குதுங்க. காலைல ஒரு மாதிரி தெரியுது, மத்தியானம் வேற மாதிரி தெரியுது."

"பெட்டி நெறைய சேர்ந்து போச்சுங்களே பாய்?"

"காலைல அதேதானுங்க, பசிச்சா சாயங்காலமும் அதேதான். நோம்பு மாசத்துல விடியறதுக்கு முன்னாடி சஹருக்கும் அதுதான், வகுறு லேசா இருக்குதுங்க. உங்க புண்ணியத்துல மாத்திரையக்கூடப் பாதியாக்கிப்போட்டேன்."

"மாத்திரையக் கொறைக்காதீங்க பாய், ரத்தம் பாத்துருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். உக்கடத்தில் பஸ் ஏறாமல் சிங்காநல்லூர் வரைக்கும் நடந்தேன். இரண்டாவது முறையும் உண்மையைச் சொல்லாமல் வந்தவன் நான்.

அதற்குப் பிறகு கை சும்மா இருக்கவில்லை. எந்தக் கடைக்குப் போனாலும் பெட்டிகளைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். ஓட்ஸ், சத்துமாவு, பாலில் கலக்கும் பொடி, குழந்தை பிஸ்கட். என்னைப்போல் எவனாவது ஒருவன் எங்கேயோ உட்கார்ந்து எழுதியிருப்பான் என்று தேடினேன். ஒரு பெட்டியில் 'மால்ட் சாறு' என்று பார்த்தபோது, வெட்கமாக இருக்கிறது, சிறிது நிம்மதிகூட வந்தது. ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கடைக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஏனுங்க சார், வாங்கறீங்களா, பரிச்சைக்குப் படிக்கறீங்களா?"

வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை.

"ஊரான் பெட்டியெல்லாம் படிச்சு என்ன பண்றீங்க? பாய்கிட்டப் போய் நீங்க எழுதுனதப் படிச்சுக் காட்டுங்க."

முதலில் சூலூருக்குத்தான் போனேன். பெட்டியை மாற்ற வேண்டும் என்றதும் மாப்பிள்ளை கோபப்படவில்லை. கோபம் வந்திருந்தாலாவது சண்டை போட்டிருப்பேன். கட்டிலில் உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார்.

"தானியச் சாறுன்னு பேரு வெச்சது நானுங்களா, நீங்களா?"

"நாந்தான்."

"சாப்புட்டா ஆகும்னு பாய்கிட்டச் சொன்னது?"

"நாந்தான்."

"அப்பறம் என்னைய வந்து கேட்டா எப்படிங்க மச்சான்? எனக்கு அது ஒடம்புக்குள்ள என்ன பண்ணும்னே தெரியாது. நீங்க சொன்னீங்க, நா அடிச்சேன்."

தங்கை நிலைப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் கிளம்பும்போது மோர் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த வாரமே, பழைய எழுத்தின் மேல் ஒட்டும்படி ஒரு ஸ்டிக்கருக்கான வாசகத்தை எழுதி எடுத்துக்கொண்டு பாயிடம் போனேன். சொல்ல வாய் வராது என்று தெரியும். ப்ரூஃப் படிக்கிற மனிதர்தானே, படித்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று காகிதத்தை மேசையில் வைத்தேன். அதிலும் ஒரு கோழைத்தனம் இருந்தது. அவர் அதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, என் பக்கமே திருப்பி நீட்டினார்.

"கண்ணுக்குள்ள கொசு பறக்கறாப்டி இருக்குதுங்க சார். நீங்களே படிங்க, நா கேட்டுக்கறேன்."

படித்தேன். "மக்காச்சோள மாவு. லிக்விட் குளுக்கோஸ். ராகி. கம்பு. சோளம். உப்பு. இதிலுள்ள குளுக்கோஸ் ரத்தத்தில் சர்க்கரையை வேகமாக ஏற்றும். சர்க்கரை நோயாளிகள் சாப்பிடக் கூடாது."

"எந்தக் கம்பெனிதுங்க இது?"

"நம்மளுதுதானுங்க பாய்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "இப்பப் புதுசா மாத்தீட்டாங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் போதும். நான் தப்பிக்க அவரே கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாற்போல் இருந்தது.

"இல்லீங்க. மொதல்ல இருந்தே இதுதான். அன்னைக்கு நீங்க கேட்டப்பவும் எனக்குத் தெரியும்."

வெளியே ஒரு ஸ்கூட்டர் கிளம்பாமல் உதைபட்டுக்கொண்டிருந்தது. அது கிளம்பிப் போனது. பிறகு அவர் காகிதத்தை வாங்கி மடித்துப் பையில் வைத்தார்.

"எத்தன அடிக்கோணும்?"

"ஆயிரம்."

"எழுத்து? அன்னைக்காட்டவே சின்னதுங்களா?"

"பெருசுங்க. இருக்கறதுலயே பெருசு."

"நாளான்னைக்கு வாங்க" என்றார். உண்மையைக் கேட்ட பிறகு அவர் வாயில் சார் வரவில்லை; அப்படி நடந்தது அன்று ஒரு நாள்தான்.

மறு வாரம் அவரையும் அவர் மனைவியையும் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். மாத்திரை முழுதானது, அவலைச் சாப்பிடுவது நின்றது, கண்ணில் லேசர் வைத்தார்கள். வலது கண் தேறியது. இடது கண்ணில் நடுவில் ஒரு புகை நின்றுவிட்டது. பல வருடச் சர்க்கரை, இந்த எட்டு மாதம் மட்டுமே காரணமில்லை என்று டாக்டர் சொன்னார். பாயின் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த வாக்கியத்துக்குப் பின்னால் நான் ஒளிந்துகொள்கிறேனா என்று பார்ப்பதுபோல் இருந்தது.

ஸ்டிக்கர்களை மாப்பிள்ளை வாங்கவில்லை. நானே பையில் போட்டுக்கொண்டு சிங்காநல்லூரிலும் பீளமேட்டிலும் கடைக்காரர்களைக் கெஞ்சி ஒட்டினேன். இரண்டு பேர் ஒட்டவிட்டார்கள். ஒருவர் மாப்பிள்ளைக்கே போன் போட்டுச் சொல்லிவிட்டார். அடுத்த முறை பெட்டி வேறு ஊரில் அச்சாகி வந்தபோது 'சர்க்கரை நோயாளிகளுக்கும் ஏற்றது' என்ற வரி இல்லை. தானியச் சாறு அதே ஐந்தாம் இடத்தில் இருந்தது. இரண்டு வருடம் கழித்துக் கொட்டகையில் மறுபடியும் தறி ஓடியது. அதற்குள் யார் யார் அந்தப் பெட்டியை நம்பிச் சாப்பிட்டார்கள் என்பது எனக்குத் தெரியாது. என் மகன் கல்யாணத்தில் அத்தையாக முன்னால் நிற்க வேண்டிய தங்கை, விருந்தாளிபோல் வந்து, சாப்பிட்டு, எழுந்து போனாள்.

பாய் என்னை விலக்கவில்லை. பெருநாளைக்கு அவர் வீட்டிலிருந்து பிரியாணி முன்போலவே வந்தது. பொங்கலுக்கு நானும் எடுத்துக்கொண்டு போனேன். இனிப்பு ஆகாதே என்று தட்டைப்பயறுச் சுண்டல், கொள்ளுப் பருப்பு, இப்படி ஏதாவது. பாத்திரத்தை வாங்கி மேசையில் வைத்து, மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் கேட்பார்: "இதுல என்னென்ன இருக்குதுங்க சார்?"

குரலில் கோபம் இருக்காது, கிண்டலும் இருக்காது. நான் சொல்ல ஆரம்பிப்பேன், எடையில் அதிகமானதிலிருந்து. தட்டைப்பயறு, தேங்காய், எண்ணெய், கடுகு, வரமிளகாய், கறிவேப்பிலை. முடிக்கும் வரைக்கும் கேட்டுக்கொண்டிருப்பார்.

ஒருமுறை சொல்லி முடித்த பிறகும் அவர் கை மூடியை விட்டு எழவில்லை.

"உப்பு?" என்றார்.

"போட்டிருக்குதுங்க பாய்" என்றேன். பிறகுதான் மூடியைத் திறந்தார்.