விருந்தினர் உரைகளுக்குப் பிறகு ஒரு பாடல்

அரச அலுவலகத்தில் கூட்டங்கள் நடத்தியே ஓய்வு பெற்றவன் நான். யார் முதலில் விளக்கேற்றுவது, யாருக்குப் பொன்னாடை, யாருக்கு வெறும் மாலை என்பதில் யாழ்ப்பாணத்தில் எனக்குத் தெரியாத ஒழுங்கு இல்லை. ஊடகம் படிக்கும் மாணவர்கள் என் வீட்டுக்கு வந்ததும் அதற்காகத்தான். உள்ளூர்த் தொலைக்காட்சி ஒன்று ஒரு மாலையில் அவர்களுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தது. முழுக்கப் பாட்டு, நேரலை.

"மண்டபம் தாறவை விருந்தினரையும் கூப்பிடச் சொல்லுகினம், சேர். ஆரை எந்த ஒழுங்கிலை கூப்பிடுறது எண்டு சொல்லித் தாங்கோ" என்றான் இயக்குநராயிருந்த அரியாலைப் பையன்.

சொல்லிக் கொடுத்தேன். ஆளுக்கு மூன்று நிமிடம் என்றும் சேர்த்தேன். சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு வந்தது. மரியாதைக்காக என்னையும் கடைசி விருந்தினராகப் போட்டார்கள்.

ஒத்திகைகளுக்கும் போனேன். கல்யாண வீடுகளில் படம் பிடிக்கும் ஒருவரிடமிருந்து கமெரா, கோயிலுக்கு ஒலிபெருக்கி கட்டுபவரிடமிருந்து வயர் என்று எல்லாம் இரவல். ஒருவரையொருவர் ஏசிக்கொண்டு, ஒரே பையிலிருந்து ரோல்ஸ் எடுத்துத் தின்றுகொண்டு வேலை செய்தார்கள். யாரும் எதிலும் கையெழுத்து வைக்கவில்லை. ஆனாலும் எல்லாம் நடந்தது. என் அலுவலகத்தில் இப்படி ஒன்றை நான் கண்டதில்லை.

கடைசிப் பாடல் குருநகர் மாணவி ஒருத்தியுடையது. தேவாலயப் பாடகர் குழுவில் பாடுகிறவள். தகப்பன் கடற்தொழிலாளி. வலை இழுக்கும்போது அவர் வாய்க்குள் பாடும் மெட்டை எடுத்து, அதற்கு அவளே வரிகள் எழுதியிருந்தாள்.

"அப்பாவுக்குத் தெரியுமோ, பிள்ளை?"

"இல்லை, சேர். டிவியிலை கேட்டுத் திகைக்கவேணும். அண்டைக்குத் தொழிலுக்குப் போகேல்லை எண்டிட்டார். தெருச் சனம் முழுக்க எங்கடை வீட்டிலைதான் நிக்கப்போகுது."

அந்த மாலை, பாடல்களுக்கு நடுவே விருந்தினர் பேசினார்கள். முதலாமவர் தமது பள்ளிப் பருவத்தை விரித்தார். இரண்டாமவர் இக்காலப் பிள்ளைகளின் இசை ரசனையை, அந்தப் பிள்ளைகளின் நிகழ்ச்சியிலேயே கண்டித்தார். பிரதம விருந்தினர் "சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன்" என்றார். அப்படியென்றால் அவர் இப்போதுதான் தொடங்குகிறார் என்று எனக்குத் தெரியும்.

மேடைக்குக் கீழே கமெராக்காரப் பையன்கள் குசுகுசுத்தார்கள்.

"டேய், உவர் மைக்கை விடமாட்டார் போல. வயரைக் கழட்டட்டோ?"

"கழட்டினாலும் உவற்றை சத்தம் குருநகர் வரைக்கும் கேக்கும். பேசாமல் நில்லு."

இயக்குநர்ப் பையன் என்னைப் பார்த்துத் தன் மணிக்கட்டைத் தட்டிக் காட்டினான். என் முறை வந்ததும் எழுந்தேன். "என் நேரத்தைப் பிள்ளைகளுக்கே தருகிறேன்" என்று கும்பிட்டுவிட்டு அமர்ந்தேன். நல்ல கைதட்டல். அது ஓயுமுன் இரண்டாமவர், "ஒன்று சொல்ல விடுபட்டுவிட்டது" என்று மைக்கை வாங்கிக்கொண்டார். அவருக்கு விடுபட்டது ஒன்றல்ல.

ஒருவழியாக அந்தப் பிள்ளை மேடைக்கு வந்தாள். கீபோர்ட்டும் தபேலாவும் தொடங்கின. அவள் மூச்சை இழுத்து வாயைத் திறக்கையில் இயக்குநர்ப் பையனின் கை கீழே இறங்கியது. ஒதுக்கிய ஒரு மணி நேரம் முடிந்துவிட்டது. அதுவரை நேரலையைக் காட்டிய பக்கத்துத் திரையில் நகைக்கடை விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

"மண்டபத்துக்கெண்டாலும் பாடு, பிள்ளை" என்றேன்.

"அப்பா இஞ்சை இல்லையே, சேர்" என்றாள். மைக்கைத் தாங்கியில் திரும்பவும் கவனமாக மாட்டினாள்.

வீடு திரும்பும் பஸ்ஸில்தான் அது எனக்கு உறைத்தது. மைக் கையிலிருக்கும் விருந்தினரை யாரும் தடுக்க முடியாது. இந்த விதியை என்னைவிட நன்றாக அறிந்தவர் மண்டபத்தில் இல்லை. என் முறை வந்தபோதே அவளை அழைத்து மைக்கை அவள் கையிலேயே கொடுத்திருக்கலாம். நானோ பெருந்தன்மையைக் காட்டிவிட்டு அமர்ந்தேன்.

அடுத்த கிழமை மீன் வாங்கக் குருநகருக்குப் போனேன். விசாரித்துத் தகப்பனிடமே போனேன். கரையில் கயிறு சுருட்டிக்கொண்டிருந்தவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"டிவியிலை உங்களைக் கண்டனாங்கள், ஐயா. எல்லாரும் நல்லாத்தான் கதைச்சவை."

அதில் குத்தல் ஏதும் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுகமாயிருந்திருக்கும்.

"பிள்ளை அந்தப் பாட்டை வீட்டிலை பாடிக் காட்டினவளோ?"

"கேட்டனான். உது அண்டைக்குப் பாடவேண்டினது, இனி வேண்டாமெண்டு சொல்லிப்போட்டாள்."

அது என்ன மெட்டு என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவேண்டியவள் அவள் என்று அடக்கிக்கொண்டேன். அவர் கயிற்றுக்குத் திரும்பினார். கை ஓட ஓட வாய்க்குள் ஏதோ முனகத் தொடங்கினார். ஒத்திகைகளில் எனக்குப் பாடமாகிவிட்ட மெட்டு. மீன் பையைப் பிடித்தபடி, அவர் முடிக்கும்வரை நின்றேன்.