சித்தப்பாவின் வடை எண்ணெய்

கண்டியில் எங்கள் வீட்டுப் பின்பக்கமாகப் போகிறவர்கள், உள்ளே நாள் முழுக்க வடை சுடுகிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். வாசம் அப்படி. வடைதான் கிடைக்காது. என் சித்தப்பா, அப்பாவின் தம்பி, ஹுன்னஸ்கிரியப் பக்கம் ஒரு தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின் திருத்துகிற வேலை பார்த்தார். சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தால், டவுனிலுள்ள சாப்பாட்டுக்கடைகளில் ஏறி இறங்கி, பொரித்துப் பொரித்துக் கறுத்துப்போன எண்ணெயை டின் டின்னாகச் சுமந்து வருவார். அதை வடித்து, காய்ச்சி, தெளியவைத்து, மெஷினுக்குப் போடுகிற எண்ணெயாக மாற்றுவதுதான் அவருடைய பைத்தியம். பைத்தியம் என்றது நானில்லை, அப்பா.

சித்தப்பாவிடம் காரணம் இருந்தது. கடையில் வாங்குகிற மெஷின் எண்ணெய் தொழிற்சாலைத் தரையில் சொட்டி, மழைத் தண்ணீரோடு ஓடையில் இறங்கும். லயத்து வரிசைவீடுகளில் இருக்கிற தோட்டத்து ஜனங்கள் குளிப்பதும் குடிப்பதும் அந்த ஓடையில். "நம்ம எண்ணெ ஓடையில விழுந்தா மீனுகூட திங்கும்" என்பார். முதல் தடவை அவர் வடித்துப் போட்ட தேங்காயெண்ணெய் தோட்டத்துக் குளிரில் விடிவதற்குள் உறைந்து, மெஷின் அசைய மறுத்துவிட்டது. தோட்டத்தை நடத்துகிற துரை திட்டிய திட்டை எங்களுக்கு நடித்துக் காட்டி அவரே விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு ஆமணக்கெண்ணெய் கலந்து பார்த்தார். மெஷின் ஓடியது. ஆனால் தொழிற்சாலை முழுக்க வடை வாசம் அடித்து, கொழுந்து நிறுக்க வந்த பெண்களுக்கெல்லாம் பசி எடுத்ததாம்.

கறுத்த எண்ணெயில் ஒரு புளிப்பு ஏறியிருக்கும், அது இரும்பை அரித்துவிடும் என்று, அதில் கோஸ்டிக் சோடாவைக் கரைத்து ஊற்றுவார். சவர்க்காரம், அதாவது சோப்பு, காய்ச்சுகிறவர்கள் பாவிக்கிற வெள்ளைத் தூள் அது. வாயில் பட்டால் தொண்டை வெந்துபோகும். ஊற்றிய டின்னை வெயிலில் வைத்தால் கசடு அடியில் இறங்கி, மேலே எண்ணெய் பொன் நிறமாகத் தெளிந்து நிற்கும். அதன்பிறகு தண்ணீர் விட்டுத் திரும்பத் திரும்பக் கழுவினால்தான் அந்த நஞ்சு போகும். இதெல்லாம் நான் வளர்ந்தபின் தெரிந்துகொண்டது. அன்று எனக்கு ஏழு வயது. அம்மாவுக்கும் இது தெரியாது. கொழுந்தன் பழைய எண்ணெயை வடிகட்டுகிறார், அவ்வளவுதான் என்று இருந்தாள்.

அது யுத்த காலம். எங்கேயாவது குண்டு வெடித்தால் மறுநாள் தமிழர் வீடுகளில் சோதனை நடக்கும். அப்படித்தான் ஒரு சனிக்கிழமை பகலில் ஆமிக்காரர்கள் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தார்கள். அப்பா வேலைக்குப் போயிருந்தார். பின்பக்கத்தில் வரிசையாக டின்கள், பெரிய அடுப்பு, போத்தலில் வெள்ளைத் தூள். குண்டு செய்கிற இடம் என்று முடிவுகட்ட வேறென்ன வேண்டும்? துவக்கை நீட்டிச் சித்தப்பாவை முற்றத்தில் முழங்காலில் நிறுத்தி, கைகளைத் தலைமேல் வைக்கச் சொன்னார்கள். இது மெஷினுக்குப் போடுகிற எண்ணெய், வடை சுட்ட எண்ணெயில் செய்தது என்று அவர் தன் சிங்களத்தில் விளக்கினார். அதிகாரி சிரித்தார். எங்கள் சொந்தக்காரர்களே நம்பாத கதை அது.

ஜீப்பில் ஏற்றப்பட்டவர்களில் திரும்பி வராதவர்கள் இருந்தார்கள். அம்மாவுக்கு அந்தப் பயம். மெஷின் என்ற சொல்தான் வினையைக் கொண்டுவருகிறது என்று நினைத்தாளோ என்னவோ, சமையலறை வாசலில் நின்று சிங்களமும் தமிழுமாகக் கத்தினாள். அது சாப்பிடுகிற எண்ணெய், நாங்கள் சமைப்பதே அதில்தான் என்றாள். அப்படியானால் சமைத்துக் காட்டு என்றார் அதிகாரி.

பின்னேரத்துக்கென்று அரைத்த பருப்பு இருந்தது. உள்ளதில் நல்லதாகப் பார்த்து ஒரு டின்னைத் தூக்கிவந்து தாச்சிச் சட்டியில் ஊற்றினாள். நுரை பொங்கி வந்தது. அவசரத்தில் வடைகள் கோணல்மாணலாக விழுந்தன. தட்டை முற்றத்துக்குக் கொண்டுபோனாள். அதிகாரி ஒரு வடையை எடுத்தார். தன் வாயருகே கொண்டுபோனவர், என்னைப் பார்த்துவிட்டு, அதை என் கையில் வைத்துச் சாப்பிடு என்று சைகை காட்டினார். எனக்குச் சந்தோஷம். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை.

அப்போதுதான் சித்தப்பா தலையை நிமிர்த்திப் பார்த்தார். "அண்ணி, எந்த டின்னுலேருந்து ஊத்துனீங்க?"

"வெயில்ல வச்சிருந்தீங்களே, அந்தச் சின்ன டின்னு."

அவர் எழுந்ததை நான் பார்க்கவில்லை. வடையை வாய்க்குக் கொண்டுபோன கையில் விழுந்த அடிதான் தெரியும். வடை மண்ணில் உருண்டது. அதற்குள் துவக்குப் பிடியால் அவர் முதுகில் இடித்து விழுத்திவிட்டார்கள். விழுந்து கிடந்தபடியே சிங்களத்தில் ஏதோ ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பக் கத்தினார். நஞ்சு என்று அர்த்தம். அந்தச் சொல் அன்று எனக்குத் தெரியாது. அதிகாரிக்குத் தெரிந்தது. அண்ணி சாப்பாடு என்கிறாள், கொழுந்தன் நஞ்சு என்கிறான். அதற்குமேல் அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. டின்களையும் சித்தப்பாவையும் ஜீப்பில் ஏற்றினார்கள்.

நான் வீறிட்டு அழுதேன். துவக்கைப் பார்த்தல்ல. அந்த வீட்டில் அதுவரை யாரும் என்மேல் கை வைத்ததில்லை. அதுவும் சித்தப்பா! சாப்பிடப் போன கையில்! அம்மா அழுதுகொண்டே மிச்ச வடைகளைக் குழி தோண்டிப் புதைத்தாள். நல்ல வடையை எதற்குப் புதைக்கிறாள் என்று அதற்கும் சேர்த்து அழுதேன். அந்த நாளைப் பற்றி அதன்பிறகு அவள் வாயே திறக்கவில்லை.

அப்பா முகாம் முகாமாக அலைந்தார். பல மாதங்கள் கழித்து ஒரு மத்தியானம் சித்தப்பா வந்து நின்றார். பாதி ஆளாகியிருந்தார். ஒரு காது கேட்கவில்லை. அம்மா அவரைக் கண்டதும் உள்ளே ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். நான் அவர் பக்கம் போகவில்லை. அடித்தவர்தானே. அவரே வந்து என்முன் குந்தி, என் வாயையும் கழுத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"புள்ள, அன்னைக்கி ஒரு கடியாவது கடிச்சியா?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எங்க கடிக்க விட்டீங்க? அதான் தட்டி விட்டுட்டீங்களே!"

அவர் என் பாவாடையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதார். நான் பயந்துபோய் அப்படியே நின்றேன். ஒரு வடையைத் தட்டிவிட்டதற்காகவா இவ்வளவு பெரிய மனிதர் இப்படி அழுகிறார் என்று நினைத்து, பரவாயில்லை சித்தப்பா, அம்மா வேறு வடை சுட்டுத் தருவாள் என்றேன்.