அப்பா சொன்ன பதில்

கியா பார்ம் மலைச் சந்தையில் ஸ்ட்ராபெர்ரி வாங்கப் போன இடத்தில், கொட்டகையின் நனைந்த பிளாஸ்டிக் வாசனை என்னை எங்கள் எஸ்டேட் ஜெபவீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது. தேயிலைக் கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் பிளாஸ்டிக் தாளையே ஞாயிறு மழைக்குத் தலையில் போர்த்தி வரும் பெண்கள், அதை வாசல் ஆணிகளில் மாட்டிவிட்டு உள்ளே பாட, வெளியே அவை சொட்டிக்கொண்டே இருக்கும். இன்று ஆணியும் இல்லை, தகரக் கூரையும் இல்லை.

அங்கேதான் பத்து வயதில் எனக்கு ஞானஸ்நானம். அப்பா கங்காணி. வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் எஸ்டேட் எழுத்தர் கிராணி பேர் கூப்பிடும்போது, பிந்தி வருகிறவர்களுக்கும் அவரே "வந்தாச்சு" என்று குரல் கொடுத்துவிடுவார். போதகர் என்னிடம், "நீ இயேசுவை நம்புறியாம்மா?" என்று கேட்டபோதும், நான் வாயெடுக்கும் முன்பே, "எங்க வீட்டுல எல்லாரும் நம்புறோம் ஐயா" என்றார். அந்தக் குரலில் சாய்ந்துதான் முப்பது வருஷம் ஜெபித்தேன்.

போன மாதம் அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்ததும், அப்பா தன் பைபிளை என்னிடம் நீட்டினார்.

"நீயே வச்சுக்கம்மா. எனக்கு என்னைக்குமே நம்பிக்கை வந்ததில்ல லா. உங்கம்மாவுக்காகப் போனேன்."

"அப்ப என்னையும் ஏன்பா சேத்து சொன்னீங்க?"

"நீ சின்னப் புள்ள. உனக்கென்ன தெரியும்?"

எனக்குத் தெரியும். ஞானஸ்நானத்தன்று என் நாக்கு நுனியில் ஒரு பதில் இருந்தது. அவர் நம்பாததைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். இப்போது முழங்காலிட்டு போதகரின் அந்தக் கேள்விக்கு நானே பதில் சொல்ல வாய் திறந்தால், அவர் குரல்தான் வருகிறது.