சிவப்புப் படகின் பின்பலகை

நூர்முகம்மதுவுக்கு எதைத் தொட்டாலும் அருவருப்பு என்று அவர் மனைவி ருக்கையா சொல்வாள். அது உண்மைதான். கல்யாண விருந்துகளில் நான்கு பேர் சஹன் என்ற ஒரே பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும்போது அவர் வயிறு சரியில்லை என்று பொய் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து ரசம் சோறு தின்பார். டீக்கடையில் கண்ணாடி டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த பிறகுதான் வாயில் வைப்பார். அப்படிப்பட்ட மனிதர், ஐம்பத்து நாலாவது வயதில், எலி செத்துக் கிடந்த ஒரு படகை ஆசைப்பட்டு வாங்கினார்.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவருக்கு ஏசி, ஃபிரிட்ஜ் பழுது பார்க்கும் கடை. அதில் அவரே உட்காருவதற்கு முன் பதினேழு வருஷம் ஷார்ஜாவில் இதே வேலை. அங்கே ஒரு படகுக் கிளப்பில் ஏசி மாட்டப் போனபோது, அதன் முதலாளி வேடிக்கையாக அவரை ரேஸ் படகின் பின்சீட்டில் உட்கார வைத்து ஒரு சுற்று சுற்றிக் காட்டினார். மூன்று நிமிஷம் இருக்கும். தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் போன அந்த மூன்று நிமிஷத்தைப் பற்றி நூர்முகம்மது யாரிடமும் பேசியதில்லை. ஆனால் அதன் பிறகு அவர் லீவு நாளான வெள்ளிக்கிழமைகளில் படுத்துத் தூங்கவில்லை. கடல் ஓரமாகப் போய் நின்று படகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊர் திரும்பி நான்கு வருஷம் கழித்து, கடலூர் முதுநகரில் ஒரு ஐஸ் ஃபேக்டரி ஆபீஸுக்கு ஏசி பார்க்கப் போனார். பின்பக்கம் உப்பனாற்றை ஒட்டிய காலி இடத்தில், முள்செடிக்குள், பத்தொன்பது அடி நீளத்தில் ஒரு சிவப்பு ஃபைபர் படகு சாய்ந்து கிடந்தது. நூற்றைம்பது குதிரைத்திறன் இன்ஜின் பின்னால் கோணலாகத் தொங்கியது. அடிப்பாகம் கத்தி மாதிரி ஒடுங்கி இறங்கியிருந்ததைப் பார்த்ததுமே இது சும்மா மீன் பிடிக்கிற படகு இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

கடலோரத்தில் ஒரு ரிசார்ட் நடத்தியவர்கள் அதை மூடிவிட்டுப் போகும்போது இங்கே போட்டுவிட்டுப் போனதாக ஃபேக்டரிக்காரர் பொன்னுரங்கம் சொன்னார். ஒரு காணும் பொங்கல் அன்று விபத்து நடந்திருக்கிறது. "ஓட்டுனவன் குடிச்சிட்டு மணல்திட்டுல ஏத்திட்டான் பாய். அவன் காலும் போச்சு, போட்டும் போச்சு" என்றார். நூர்முகம்மது முகத்தைச் சுளித்தார். இப்படி ஒரு படகைக் குடிகாரன் கையில் கொடுத்தவர்களை நினைத்து அவருக்கு எரிச்சலாக வந்தது. அந்த வாரமே படகை வாங்கிக்கொண்டார். வேலை முடியும்வரை அங்கேயே வைத்துக்கொள்ளப் பொன்னுரங்கம் சம்மதித்தார்.

கடைக்கு வெள்ளிக்கிழமை லீவு. முதல் வெள்ளி காலை பஸ் ஏறிப் போய்ப் படகின் தரையைப் பெயர்த்தார். பெயர்த்த இடத்திலேயே குப்புறக் கவிழ்ந்து வாந்தி எடுத்தார். தரைக்கு அடியில் அடைத்திருந்த ஃபோம் ஆறேழு வருஷத்து மழைத் தண்ணீரைக் குடித்துக் கறுத்துப் போயிருந்தது. அழுத்தினால் சீழ் மாதிரி ஒழுகியது. உள்ளே எலிக்கூடு, எலிக்குஞ்சுகள், காக்கை கொண்டுவந்து போட்ட மீன் குடல். போதாததற்கு, லோடு ஏற்ற வரும் லாரிக்காரர்கள் அதை மூத்திரத் தொட்டியாகவே வைத்திருந்தார்கள். அழுகிய முட்டையும் பெட்ரோலும் சேர்ந்த ஒரு நாற்றம் அவர் மூக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஐஸ் ஃபேக்டரிக் குழாயில் மூன்று தடவை சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுத்தான் ஜும்மாவுக்குப் போனார். அப்படியும் தொழுகை வரிசையில் பக்கத்தில் நிற்பவர் தன்னை முகர்ந்துவிடுவாரோ என்று கூசிக்கொண்டே நின்றார்.

ருக்கையா அவரை வாசலிலேயே நிறுத்தினாள். புழக்கடை வழியாக வந்து, உடுப்பை எல்லாம் டெட்டால் வாளியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்றாள். இத்தனை அசிங்கத்தில் என்ன சுகம் என்றும் கேட்டாள். அவருக்கும் அது விளங்கவில்லை. மழைக்கோட்டும் முழங்கை வரை கையுறையும் வாங்கிக்கொண்டு அடுத்த வெள்ளியும் போனார். இரண்டு மாதத்தில் ஃபோம் முழுவதையும் கிள்ளிக் கிள்ளி எடுத்து மூட்டை கட்டினார்.

ருக்கையாவின் தம்பி முஹம்மது ஆசிக் ஃபைபர் வேலைக்காரன். நூர்முகம்மது ஷார்ஜாவில் இருந்தபோது சிதம்பரம் கடையைப் பார்த்துக்கொண்டவன் அவன்தான். அப்போதே பக்கத் தொழிலாக ஐஸ் பெட்டி, தண்ணீர்த் தொட்டி, படகு என்று ஒட்டுவேலை செய்துகொண்டிருந்தான். இப்போது சொந்தமாகப் பெரிய பட்டறை வைத்திருக்கிறான். அவனிடம் யோசனை கேட்டபோது அவன் ஆர்வமே காட்டவில்லை. அந்தக் கழிசடையை ஏன் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள், விற்றுத் தொலையுங்கள் என்றான். விற்க மாட்டேன் என்றதும், தரையை மட்டும் போட்டுப் பெயின்ட் அடித்தால் போதும், பின்பலகையில் மட்டும் கை வைக்காதீர்கள், படகு கோணிப்போகும் என்றான்.

பின்பலகை என்பது இன்ஜினைத் தாங்கும் பலகை. கெட்டி ஒட்டுப்பலகையின் இரண்டு பக்கமும் ஃபைபர் போர்த்தியிருக்கும். படகின் மொத்த வேகமும் அதன்மேல்தான் தள்ளும்.

கையுறையோடு, தண்ணீரைத் தள்ளும் இன்ஜின் காற்றாடியைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை, நூர்முகம்மதுவுக்கு ஒன்று உறைத்தது. மணல்திட்டில் ஏறிய காற்றாடி என்றால் விளிம்பு மழுங்கியிருக்க வேண்டும், வளைந்திருக்க வேண்டும். இதில் ஒரு கீறல்கூட இல்லை. சுத்தியலை எடுத்துப் பின்பலகையைத் தட்டிப் பார்த்தார். ஈரமான சாக்கில் தட்டியது போலச் சத்தம் வந்தது. ஆசிக் சொன்னது ஞாபகம் இருந்தும் கிரைண்டரால் மேல் தோலை அறுத்து உரித்தார்.

உள்ளே பலகையே இல்லை. காப்பித்தூள் சக்கை மாதிரி கறுத்த கூழ் கொட்டியது. அதில் மரவட்டை நெளிந்தது. கூழுக்கு நடுவில் சிமெண்டுக் கட்டியும், கார் டிங்கரிங்குக்குப் பூசுகிற பட்டியும், சுருட்டித் திணித்த அட்டைப் பெட்டித் துண்டுகளும் இருந்தன. இன்ஜின் போல்ட்டுகள் இந்தக் குப்பையில்தான் செருகப்பட்டிருந்தன. வெளியே மட்டும், போல்ட்டுகளைச் சுற்றி விட்டிருந்த விரிசல் போக, வழவழவென்று புதுத் தோல், புதுச் சிவப்பு. இதன் பின்னால் நூற்றைம்பது குதிரைத்திறன் இன்ஜினை மாட்டி, குழந்தை குட்டிகளோடு வந்தவர்களை ஏற்றி ஓட்டியிருக்கிறார்கள்.

ஒரு அட்டைத் துண்டு பட்டியில் ஒட்டி, நனையாமல் இருந்தது. அதைப் பிரித்தார். கம்ப்ரஸர் வருகிற பெட்டி. ஓரத்தில் நீல மையில் வட்ட சீல். நூர் கூலிங் சர்வீஸ், சிதம்பரம்.

அன்று அவர் ஜும்மாவுக்குப் போகவில்லை. அந்தத் துண்டைப் பாலிதீன் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்.

படகை ஓட்டியவன் பெயர் எழிலன், கிள்ளையில் இருக்கிறான் என்று பொன்னுரங்கம் சொல்லியிருந்தார். மறுநாளே தேடிப் போனார். முப்பத்தைந்து வயதுக்காரன், இடது கால் முழங்காலுக்குக் கீழே வளைந்து சூம்பியிருந்தது. வாசலில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தான். சிவப்புப் படகு என்றதும் எழுந்து உள்ளே போகப் பார்த்தான். நூர்முகம்மது அவசரமாகப் பின்பலகையைப் பற்றிச் சொன்னார். அவன் உட்கார்ந்துவிட்டான்.

நல்ல வேகத்தில் போகும்போது பின்னால் மடார் என்று முறிந்த சத்தம் கேட்டதாம். இன்ஜின் ஒரு பக்கம் சாய, படகு தானாகத் திரும்பி அவனைத் தண்ணீரில் எறிந்தது. சுற்றி வந்த காற்றாடி காலை அறுத்தது. ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது அவன் குடித்திருந்தான் என்று எல்லோரும் பேசி முடித்திருந்தார்கள். ரிசார்ட்காரர்கள் அப்படித்தான் எழுதிக் கொடுத்தார்கள். அதன் பிறகு யாரும் அவனைப் படகில் ஏற்றவில்லை.

"எங்கப்பா குடிச்சே செத்தாரு பாய். அந்த வாடையே எனக்கு ஆவாது" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "உள்ள இருக்காளே என் சம்சாரம், பொன்னி. அவளே நம்பல" என்றான்.

நூர்முகம்மது திங்கட்கிழமை ஆசிக்கின் பட்டறைக்குப் போனார். அட்டையை மேஜைமேல் வைத்தார். ஆசிக் அதைப் பார்த்துவிட்டு, எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான். மறுக்கவில்லை. அதுதான் நூர்முகம்மதுவுக்கு இன்னும் அசிங்கமாக இருந்தது.

"உள்ள யாரு மச்சான் பாக்கப்போறா? சீசனுக்கு முன்ன எறக்கணும், மூணே நாளுன்னாங்க. முடிச்சுக் குடுத்தேன்."

"அந்தப் பையன் காலு?"

"நானா அவன குடிக்கச் சொன்னேன்?"

"அவன் குடிக்கலன்னு ஒனக்குத் தெரியும்."

ஆசிக் அட்டையை அவர் பக்கம் தள்ளினான். பிறகு சிரித்தான். "நீங்கதான மச்சான் எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க. முன்னாடி கிரில்ல மட்டும் கழுவு, சென்ட் ஸ்ப்ரே அடிச்சு வுடு, சர்வீஸ் முடிஞ்சிதுன்னு சொல்லு, கஸ்டமர் கம்முனு இருப்பான்னு. ஏசிக்கு ஒரு நியாயம், போட்டுக்கு ஒரு நியாயமா?"

நூர்முகம்மது அட்டையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். சொல்லிக் கொடுத்தது நிஜம். கடை ஆரம்பித்த புதிதில், ஒரு லீவில் வந்திருந்தபோது, பெருமையாகவே சொல்லிக் கொடுத்தார். கடைக்குத் திரும்பியதும் தன் தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருந்த ஏசியை நிறுத்திக் கழற்றினார். உள்ளே சுழலும் உருளையில் கறுப்பாக, கொழகொழவென்று பாசி விரலளவு படிந்திருந்தது. வருஷக்கணக்கில் அந்தக் காற்றைத்தான் சுவாசித்துக்கொண்டிருந்தார். டம்ளரைத் தூக்கிப் பார்க்கிற தன் மேலேயே அவருக்குக் காறித் துப்பத் தோன்றியது. அந்த வாரம் முழுக்க, மேலோட்டமாகக் கழுவிக் கொடுத்த வீடுகளுக்கெல்லாம் மறுபடி போய், காசு வாங்காமல் கழற்றிக் கழுவினார். எத்தனை வீடு ஞாபகம் வந்ததோ அத்தனை வீடு. ஞாபகம் வராதவை அதைவிட அதிகம் என்று அவருக்குத் தெரியும்.

ருக்கையாவிடம் சொல்லத்தான் பயந்தார். சொன்னபோது அவள் நம்பவில்லை. தம்பி அப்படிச் செய்யக்கூடியவன் இல்லை, வேறு யாராவது பழைய பெட்டியை எடுத்திருப்பார்கள் என்று வாதாடினாள். பிறகு, வெள்ளிக்கிழமை நானும் வருகிறேன் என்றாள்.

முதுநகரில் துப்பட்டியால் மூக்கைப் பொத்திக்கொண்டு படகின் பின்னால் நின்றாள். பிறகு வளையலை மேலே ஏற்றிவிட்டு, கையுறைகூடப் போடாமல், அந்தக் கூழுக்குள் கையை விட்டு இன்னொரு அட்டையை உருவினாள். அதிலும் சீல் இருந்தது. அந்த நாட்களில் கடைக்கு வரும் பெட்டிகளுக்கெல்லாம் சீல் குத்தி அடுக்கியவளே அவள்தான். கையைக் கழுவக்கூடப் போகாமல் தம்பிக்குப் போன் போடச் சொன்னாள்.

"நீ அந்தப் பையன் வூட்டுக்கு வந்து ஒன் வாயால சொல்லணும்" என்றாள் போனில். அந்தப் பக்கம் லாத்தா, லாத்தா என்று அக்காவைக் கெஞ்சுவது கேட்டது. "லாத்தான்னு கூப்புடாத. வர்றியா, இல்ல நா போயி சொல்லட்டுமா?"

ஆசிக் அவர்கள் இருவரோடும் வந்தான். கிள்ளையில் எழிலன் வீட்டு வாசலில், செருப்பைக் கழற்றாமல் நின்று, உடனே கிளம்பப்போகிறவன் போலப் பேசினான். அவசரத்தில் செய்த வேலை, ரிசார்ட்காரன் நெருக்கினான், இப்படி ஆகும் என்று நினைக்கவில்லை. ஒவ்வொரு வாக்கியத்திலும் குற்றத்தை இன்னொருவர் பக்கம் கொஞ்சம் தள்ளினான். எழிலன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பொன்னி கதவைப் பிடித்துக்கொண்டு முழுவதையும் கேட்டாள்.

"இவுரு குடிக்கலன்னு ஒங்களுக்கு அன்னிக்கே தெரியுமா?" என்று கேட்டாள்.

"பலக வுட்டுடுச்சுன்னு தெரியும்" என்றான் ஆசிக்.

பொன்னி அவன் காலடியில் துப்பிவிட்டு உள்ளே போனாள். உள்ளே போனவள் அழுகிற சத்தம் வெளியே கேட்டது. எழிலன் எழுந்து, காலை இழுத்துக்கொண்டு, அவள் பின்னால் போனான். வாசலில் நின்ற மூவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. ருக்கையாதான் முதலில் தெருவில் இறங்கி நடந்தாள்.

அழுகிய பின்பலகையை அப்படியே அறுத்து எடுத்து, படம் பிடித்து, எழிலன் திங்கட்கிழமை மனுநாளில் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தான். நூர்முகம்மதுவும் கூடப் போய்க் கையெழுத்துப் போட்டார். மச்சினன் பெயரையும் எழுதினார். விசாரணை நடந்துகொண்டிருக்கிறது. அறுத்த துண்டு சாக்கில் கட்டி ஐஸ் ஃபேக்டரியில் பத்திரமாக இருக்கிறது.

மிச்ச வேலைக்கு எழிலன் தானாகவே வந்தான். தண்ணீர் தாங்கும் மரைன் பலகை மூன்று அடுக்கு, ஒவ்வொரு அடுக்குக்கும் ரெசின் பசை, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகுதான் அடுத்தது. நூர்முகம்மது அவசரப்பட்ட இடங்களில் அவன் அவர் கையைப் பிடித்து நிறுத்தினான். போன மாசியில் படகை உப்பனாற்றில் இறக்கினார்கள். இத்தனை வருஷத்துக்கு அப்புறம் எழிலன் ஓட்டினான். பாலிதீன் பையும் நுரையும் மிதந்த கறுப்புத் தண்ணீரைத் தாண்டி முகத்துவாரம் வந்ததும் படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு பறந்தது. எழிலன் சத்தம் போட்டுச் சிரித்தான். நூர்முகம்மதுவும் சிரிக்கத்தான் நினைத்தார். ஆனால் அவர் முன்னால் பார்க்கவே இல்லை; கரை வந்து சேரும்வரை திரும்பி உட்கார்ந்து, ஒரு கையைப் பின்பலகைமேல் வைத்துக்கொண்டே வந்தார்.

ஆசிக்கின் பட்டறை இப்போதும் நடக்கிறது. படகு வேலையை விட்டுவிட்டான், தொட்டி மட்டும் செய்கிறான் என்கிறார்கள். பெருநாள் அன்று பள்ளிவாசல் வாசலில் அவன் வந்து இரண்டு கையையும் நீட்டினான். ஊர் பார்க்கிறது என்பதற்காக நூர்முகம்மது கையைக் கொடுத்தார். வழக்கமாக அவனும் பிள்ளைகளும் அன்று மத்தியானம் அக்கா வீட்டில்தான் சாப்பிடுவார்கள். ருக்கையா கூப்பிடவில்லை. ஏன் என்று நூர்முகம்மதுவும் கேட்கவில்லை.