மாமா பார்த்துவிட்டு வந்த நாய்க்குட்டிகள்

என் அக்காவின் கணவர், அதாவது என் மாமா, பிறந்ததிலிருந்தே யாரையும் நம்பியதில்லை என்று நினைக்கிறேன். அதையே தொழிலாகவும் ஆக்கிக்கொண்டார். பழைய கார் வாங்குகிறவர்கள் வண்டியைப் பார்த்துச் சொல்ல அவரைக் கூட்டிக்கொண்டு போவார்கள். கீல் போல்ட்டில் கீறல் இருந்தால், கதவைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள், எங்கோ மோதிய வண்டி என்பார். நாம் போகும்போதே எஞ்சின் சூடாக இருந்தால், காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும் வண்டி என்பார். விற்கிறவன் சிரித்தால் சந்தேகம், சிரிக்காவிட்டால் அதைவிடச் சந்தேகம். எங்கள் குடும்பத்தில் அவருக்கு சி.ஐ.டி. என்று பெயர். கிண்டல் என்று புரியாமல் அவர் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டார்.

அப்படிப்பட்டவர் வீட்டிலேயே திருடு போனது. அக்கா கடைக்குப் போயிருந்த ஒரு பகலில் யாரோ உள்ளே புகுந்து, அலமாரியைக் கிளறி, நகையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பூட்டு எதுவும் உடையவில்லை. மாமா வாசல் பூட்டை மாற்றினார், கேட்டில் கேமரா வைத்தார். ஆனால் அக்கா அதற்குப் பிறகு அந்த வீட்டில் தனியாக இருக்கவில்லை. அவர் கிளம்பியதும் தையல் மெஷினை மூடிவிட்டு என் வீட்டுக்கு வந்துவிடுவாள். அவர் திரும்பிய பிறகுதான் போவாள். ஏன் என்று கேட்டால் பேச்சை மாற்றுவாள். தைத்துக் கொடுக்க வேண்டிய துணி அங்கே குவிந்து கிடந்தது.

"பயந்துட்டா. வீட்டுல ஒரு நல்ல நாய் இருந்தா சரியாயிடும்" என்றார் மாமா.

"அக்காவக் கேட்டீங்களா?"

"சொன்னேன். சரின்னா."

அக்கா வாயால் சரி என்று சொல்லும்போது முகம் என்ன சொல்லும் என்பது எனக்குத் தெரியும். அவர் அதைக் கவனித்திருக்க மாட்டார். இருந்தாலும் அவரோடு போனேன். நான் நாய் வளர்த்தவள். அதைவிட, அக்கா பழையபடி தன் வீட்டில் உட்கார்ந்து தைக்க வேண்டும், எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

மாமா ஆசைப்பட்டது அமெரிக்கன் புல்லி என்ற இனத்து நாய்க்கு. அகன்ற மார்பு, பெரிய தலை, பார்த்தாலே திருடன் திரும்பிப் போய்விடுவான் என்று கணக்கு. குட்டி விற்கிறவர்களில் முதலில் பேசிய ஆள் தன் வீட்டுக்கு வரவேண்டாம், பெட்ரோல் பங்குக்குப் பக்கத்தில் வாருங்கள் என்றான். அட்டைப்பெட்டியில் ஒரு குட்டி நடுங்கிக்கொண்டிருந்தது. அதன் மேல் சென்ட் வாசனை.

"குட்டிக்கு எதுக்குய்யா சென்ட்? எதை மறைக்கிற?" என்றார் மாமா. அவன் பெட்டியை மூடிக்கொண்டு போய்விட்டான்.

அடுத்தவன் பேச்சில் தேன் ஒழுகியது. கொட்டகைக்குக் கூட்டிப்போய்க் குட்டிகளைக் காட்டினான். தாயைக் காட்டச் சொன்னதும் உள்ளே போய் ஒரு பெண் நாயைப் பிடித்து வந்தான். மாமா காரின் அடியில் பார்ப்பதுபோல் குந்தி உட்கார்ந்து அதன் வயிற்றைப் பார்த்தார். பால் கொடுத்த அடையாளமே இல்லை. குட்டிகளோ அதைக் கண்டதும் மூலைக்கு ஓடின.

"பெத்த தாயப் பாத்து எந்தக் குட்டியாவது ஓடுமா? யார் காதுல பூச்சுத்துற?"

குட்டு வெளிப்பட்ட சந்தோஷத்தில் மாமா வழியெல்லாம் விசிலடித்தார். எனக்கோ, அந்தக் குட்டிகளின் உண்மையான தாய் எங்கே இருக்கும் என்றே ஓடியது.

கடைசியில் கால்நடை மருத்துவர் ஒருவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஓர் அம்மாவைக் கைகாட்டினார். சில வருஷத்துக்கு ஒருமுறைதான் அந்த வீட்டில் குட்டி போடும். போனோம். தாய் நாய் வந்து மாமாவின் பாதத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டது. குட்டிகள் அதன் மேல் ஏறி உருண்டன. தாய் நாயின் இதயத்துக்கும் இடுப்புக்கும் பரிசோதனை செய்ததைக் கண்ணாடிக்கடை அம்மா நாங்கள் கேட்காமலே சொன்னார்.

"எதுக்கு சார் நாய்?"

"காவலுக்கு."

"அப்ப இது உங்களுக்குச் சரிவராது. உருவத்தப் பாத்து ஏமாறாதீங்க. திருடன் வந்தா அவன் மடியில ஏறி உக்காரும். கடிக்கப் பழக்குறவங்களுக்கு நான் கொடுக்கறதே இல்ல."

மாமா என் பக்கம் சாய்ந்து, "விக்க மாட்டேன்னு சொல்லியே வெலையை ஏத்துறது. எத்தனை பேரப் பாத்திருக்கேன்" என்று முணுமுணுத்தார்.

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. வீட்டில் அக்காவுக்குத் துணைக்குத்தான் என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன். அந்த அம்மா கொஞ்சம் யோசித்தார். "அப்படின்னா வீட்ட வந்து பாக்குறேன். உங்க அக்காகிட்டயும் பேசணும். கொடுத்தாலும் ஒண்ணு, வளர்க்க முடியலன்னா என்கிட்டயேதான் திருப்பித் தரணும்."

வெளியே வந்ததும் மாமா, "வித்தவங்க திருப்பி வாங்கிக்கறாங்களாம். எங்கயோ இடிக்குதே" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா வந்தார். கேமராவைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார். மாமா கண்கொத்திப் பாம்பாகப் பின்னாலேயே நடந்தார். தான் ஒரு வண்டியைப் பார்ப்பதுபோல் இன்னொருவர் தன் வீட்டைப் பார்ப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. சமையலறையைத் தாண்டிப் பின்கதவுக்கு வந்ததும் அந்த அம்மா நின்றார்.

"இந்தப் பக்கம் யாரு போய்வருவீங்க? குட்டி வெளிய ஓடிடக் கூடாது, அதான் கேக்குறேன்."

"நான்தான். பைக் பின்னாடி நிக்குது. தினமும் நானே வெளியேருந்து பூட்டிட்டுப் போறேன், அதுல எல்லாம் பிசகே கிடையாது" என்ற மாமா, வெளியே போய் வழக்கம்போலக் கதவை இழுத்துச் சாவியைத் திருப்பிக் காட்டினார்.

கண்ணாடிக்கடை அம்மா உள்ளேயிருந்து கைப்பிடியை லேசாக இழுத்தார். கதவு திறந்துகொண்டது.

மாமா மறுபடி பூட்டினார். மறுபடி திறந்தது.

"கதவு இறங்கியிருக்கு. கொஞ்சம் தூக்கிப் பிடிச்சுப் பூட்டினாத்தான் பூட்டோட நாக்கு உள்ள போகும்" என்றாள் அக்கா. அதுவரை அவள் எங்களுக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

மாமா முகத்தில் ஈயாடவில்லை. திருடன் எந்த வழியாக வந்தான் என்று அங்கே யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"உனக்கு எப்பத் தெரியும்?" என்றார் மெதுவாக.

"திருடு போன அன்னைக்கே. கடையிலேருந்து வந்தப்ப இது திறந்து கிடந்துச்சு. அன்னைலேருந்து நீங்க போனப்புறம் நான்தான் தூக்கிப் பூட்டுறேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

அக்கா அவரை நேராகப் பார்த்தாள். "சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள யாருக்குச் சாவி கொடுத்தே, யார வீட்டுக்குள்ள விட்டேன்னு என்னைக் கேட்டீங்க. ஒரு தடவ இல்ல, தினமும் கேட்டீங்க. எனக்குத் திருடன் மேல பயமில்லைங்க. நீங்க சந்தேகப்பட்ட வீட்டுல தனியா உக்கார மனசு வரல."

இத்தனை நாள் என் வீட்டில் உட்கார்ந்திருந்தவள் இதை என்னிடம்கூடச் சொல்லவில்லை. எனக்கு அழுகை வந்தது. மாமாவை நாலு வார்த்தை கேட்க வேண்டும் போலவும் இருந்தது.

கண்ணாடிக்கடை அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டார். "குட்டி இன்னும் கொஞ்ச நாள் தாய்கிட்டதான் இருக்கணும். அவசரமில்ல" என்று அக்காவிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

வழக்கமாக ஒரு பதிலுக்கு ஒன்பது கேள்வி கேட்கிறவர், கதவைத் தூக்கிப் பிடித்துப் பூட்டிப் பார்த்துவிட்டு, சாவியை அக்காவின் கையில் வைத்தார்.