மூலையில் தேங்கிய பூச்சு

1. செருப்புக் குவியல்

தொண்ணூறுகளின் பிற்பாதியில் கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் கெமிக்கல் துறை விரிவுரையாளனாக இருந்தேன். முனைவர் பட்டத்துக்கு நான் எடுத்தது மைக்ரோரியாக்டர் மாடலிங். தீப்பெட்டி அளவு எஃகுத் தகடு, அதில் அரை மில்லிமீட்டர் சதுர வாய்க்கால்கள், வாய்க்கால் சுவரில் வினையூக்கிப் பூச்சு. உள்ளே போகும் வாயு எவ்வளவு வேகமாகச் சுவரைச் சேர்கிறது, சேர்ந்தபின் எவ்வளவு வினைபுரிகிறது என்று சமன்பாடு எழுதிக் கணக்கிட வேண்டும். என்ன ஆராய்ச்சி என்று கேட்ட உறவினர்களுக்கு இதை முழுசாகச் சொல்வேன். அதன்பின் அவர்கள் எதுவுமே கேட்டதில்லை.

கம்ப்யூட்டர் ஏ.சி. அறையில் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு நுழைய வேண்டும். அதுவும் ஆசிரியர்கள் மட்டும். லேப் டெக்னீஷியன் மாரியப்பன் வெளியே செருப்புக் குவியல் பக்கம் நின்று, கதவிடுக்கு வழியாக ரீடிங் சொல்வார். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். மூன்று வருடமாகத் தற்காலிக வேலை. அந்த ஜூனில் நிரந்தரமாக வேண்டியது.

2. எழுபதா, தொண்ணூறா

உள்ளே போகும் வாயுவில் தொண்ணூறு சதம் வினைபுரியும் என்றது மாடல். தகட்டை மாட்டிச் சோதிக்கும் ரிக் எழுபதைத் தாண்டவில்லை.

"திரும்ப எடுங்க மாரியப்பன்."

"நாலு வாட்டி எடுத்துட்டேன் சார். தகட்டச் செத்த பாருங்க. நான் இங்க வாரதுக்கு முன்னாடி வெள்ளையடிச்சவன். எம்புட்டுப் பதமா அடிச்சாலும் மூலையிலதான் போய்த் தேங்கும். நீங்க சுத்தி ஒரே கனம்னு போட்டிருக்கீக."

"அப்ப அடுத்த பேப்பருக்குச் சுண்ணாம்பு வாளியும் வாங்கிருவோமா?" என்றேன். அறையே சிரித்தது. சிரிக்க வைப்பதில் நான் கெட்டிக்காரன். வாயு எங்கே போகிறது என்று சொல்வதில்தான் கொஞ்சம் தடுமாற்றம்.

தொண்ணூறு என்று போட்டுக் கருத்தரங்கத்துக்குக் கட்டுரை அனுப்பியாகிவிட்டது. துறைத் தலைவர் கூப்பிட்டார்.

"மாடல் தப்பா, ரீடிங் தப்பாய்யா? ஒரு வரி எழுதிக் கொடும்."

'ரீடிங் எடுத்தவரின் கவனக்குறைவு' என்று எழுதிக் கொடுத்தேன். என் ஃபோர்ட்ரான் புரோகிராம் எதுவும் முதல் தடவையிலேயே ஓடியதில்லை. இந்த ஒரு வரி ஓடியது. ஜூனில் மாரியப்பனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

3. அறுத்த தகடு

புதிதாக வந்தவர் எடுத்தாலும் எழுபதுதான். கடைசியில் தகட்டைக் குறுக்கே அறுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். நான்கு மூலையிலும் பூச்சு திரண்டு, சதுரத்துக்குள் வட்டம் தெரிந்தது. அந்தத் திரளின் அடிவரை வாயு போகவே இல்லை. அங்கிருந்த வினையூக்கி, பிளாட்டினம், சும்மா கிடந்தது. மூலைக் கனத்தை மாடலில் போட்டேன். எழுபத்தொன்று வந்தது.

மாரியப்பனைத் தேடி ராஜபாளையம் போனேன். ஒரு நூல் மில் வாசலில், தலையில் பஞ்சோடு வந்தார்.

"நீங்க சொன்னதுதான் சரி. மாடல மாத்திட்டேன்."

"சந்தோசம் சார். காலேஜ்ல எழுதிக் கொடுத்தீகளே, அந்த வரிய மாத்திட்டீகளா?"

"தீசிஸ் போயிரட்டும் மாரியப்பன், பொறவு…"

"சரி சார். பஸ் வருது."

தீசிஸ் போனது, பட்டமும் வந்தது. அந்த வரியை நான் மாற்றவில்லை. மூலைப் பூச்சுக்கு ஒரு முழு அத்தியாயம் இருக்கிறது. நன்றிப் பக்கத்தில் ஏ.சி. மெக்கானிக் பெயர்கூட உண்டு.

மாடல் எழுதப் போகும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று. கணக்கும் அளவும் ஒத்துவரவில்லையென்றால் முதலில் அளந்தவரிடம் போய்க் கேளுங்கள். அதற்குச் செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை. அவரைத்தான் நாம் வெளியே நிறுத்தியிருக்கிறோமே.