தசைக்குத் தள்ளத் தெரியாது

எங்கள் தீவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த வருடம், கரும்பு லாரியிலிருந்து விழுந்து என் வலது முழங்கை உடைந்தது. மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் கை நீளவில்லை. லவுத்தோக்கா ஆஸ்பத்திரியில் எனக்குப் பயிற்சி கொடுத்தவர் பூர்வகுடிப் பெண்மணி. அகன்ற தோள், நரைத்த சுருட்டை முடி. கரும்புத் தோட்ட வேலைக்கு வந்து குடியேறிய எங்கள் ஆட்கள் நடத்திய பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்தவர். எதை விளக்கினாலும் சட்டைக் கையைச் சுருட்டி, தன் புஜத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்வார்.

"தள்ளுறேன் அக்கா, போகலை."

"தசைக்குத் தள்ளத் தெரியாது தம்பி, இழுக்கத்தான் தெரியும். முன்னால உள்ளது இழுத்தா மடங்கும், பின்னால உள்ளது இழுத்தா நீளும். நீ பயந்து ரெண்டையும் இழுக்குற. முன்னால உள்ளதை விடு."

"வலிக்குமே?"

"நான் பிடிச்சிருக்கேன்ல?"

ஆட்சியைப் பிடித்த ராணுவம் பூர்வகுடிகளுடையது; அவர்கள் முகத்தைப் பார்க்கவே குடியேறிய நாங்கள் அஞ்சிய நாட்கள் அவை. கண்ணை மூடிக்கொண்டு, முன்னால் உள்ளதைத் தளரவிட்டேன். கை கொஞ்சம் நீண்டது.

எங்கள் ஆட்கள் பலரைப் போல நாட்டை விட்டு ஆக்லாந்து போக விசா கிடைத்ததும் விடைபெறப் போனேன். கை நீட்டினேன். பிடிப்பதற்கு முன் முழங்கையைத்தான் பார்த்தார்.

"முழுசா நீளுது" என்றார், கண் கலங்க.

ஏன் போகிறாய் என்று அவர் கேட்கவில்லை. அதற்கும் சேர்த்துத்தான் என் நன்றி.